விளாங்குடிக்கு ஒரு கண் கொண்டு போனேன்

மதுரைக்குப் போகிறவர்கள் எல்லாரும் கோயிலைப் பார்க்கப் போகிறார்கள். நான் ஒரு கார் பேட்டரி எத்தனை மணி நேரத்தில் உயிரை விடுகிறது என்று பார்க்கப் போனேன். நாலு நாள் அங்கே இருந்தும் கோபுரத்தை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன் என்று சொன்னால், பினாங்கில் இன்னும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பினாங்கில் டி.வி. பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. கறுப்பு வெள்ளையை உலகம் கைகழுவிக்கொண்டிருந்த நேரம் அது. எங்கள் தொழிற்சாலையும் கலருக்கு மாறிவிட்டது. ஒரு மூலையில் நானும், பற்றவைக்கும் வேலை செய்யும் ஆறு பெண்களும் மட்டும் பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளுக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தோம்.

கண் என்றால் திரைக்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு கண்ணாடி மணி. அறையில் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று அது பார்க்கும். நல்ல பகலானால் திரையைப் பளிச்சென்று வைக்கும். பொழுது சாயச் சாய ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். குறைத்த கையோடு, கறுப்பைக் கறுப்பாகவும் வெள்ளையை வெள்ளையாகவும் பிரித்துக் காட்டி ஈடுகட்டிவிடும். பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியக் கூடாது, பேட்டரிக்கு மட்டும் தெரிய வேண்டும். இந்த ஒரு வாக்கியத்துக்காகப் பதினோரு வருஷத்தைக் கொடுத்திருக்கிறேன். என் மனைவி இதையே வேறு வார்த்தைகளில் சொல்வாள்.

எங்கள் மேலாளர் லிம் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "மதுரை உங்கள் ஊர்தானே?" என்றார். என் ஊர் பினாங்கு. லிம்முக்கு அது ஒரு பொருட்டல்ல. தமிழர்கள் எல்லாரும் ஒரே தெருவில் பிறந்தவர்கள் என்பது அவர் எண்ணம். இந்தியாவில் ஒரு வியாபாரி, மின்சாரம் ஒழுங்காக வராத ஊர்களுக்கு பேட்டரியில் ஓடும் பெட்டி கேட்டிருந்தார். மதுரைக்கு வெளியே விளாங்குடி என்ற ஊரில் சோதித்துப் பார்க்க ஏற்பாடு. ஒரே பேட்டரியில் ஏழு மணி நேரம் ஓட வேண்டும். ஆரம்பித்த பிறகு பெட்டியின் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. படம் முதலிலிருந்து கடைசி வரை தெளிவாகத் தெரிந்தது என்று ஊர்த் தலைவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது நடந்தால் கண் பிரிவு நீடிக்கும். நடக்காவிட்டால் மாதக் கடைசியில் ஏழு பேருக்கும் கேக் வெட்டி, கை குலுக்கி, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஆறு பெண்களில் மூத்தவள் லட்சுமி, புருஷன் இல்லாமல் மூன்று பிள்ளைகளை வளர்ப்பவள், விமான நிலையத்துக்கே வந்துவிட்டாள். "சார், கண்ணைப் பத்திரமாப் பார்த்துக்குங்க" என்றாள். என்னைப் பத்திரமாகப் போய்வரச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. அது நியாயம்தான்.

வெள்ளிக்கிழமை காலை மதுரையில் இறங்கினேன். வெயில் என்னை வரவேற்க ஸ்டேஷனுக்கே வந்திருந்தது. லாட்ஜுக்குக் கீழே இருந்த ஓட்டலில் இலையைப் போட்டு நாலு இட்லி வைத்தார்கள். சுற்றி நாலு சட்னி, நடுவில் சாம்பார். எங்கள் ஊரில் சட்னி ஒன்றுதான், அதையும் கேட்டு வாங்க வேண்டும். இன்னும் இரண்டு இட்லி கேட்டதற்கு, "இப்பத்தானண்ணே ஆரம்பிச்சிருக்கீங்க, மெல்லச் சாப்பிடுங்க" என்று சர்வர் அதட்டினார். பணம் கொடுத்துத் திட்டு வாங்குவது எனக்குப் புது அனுபவம். ஆனால் இட்லி அப்படி இருந்தது, அதனால் பேசாமல் இருந்துவிட்டேன்.

டவுன் ஹால் ரோட்டில் ஒரு டி.வி. கடை. வாசலில் சின்னக் கூட்டம். உள்ளே கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்றின் முகத்தில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தார்கள். மேலே நீலம், நடுவில் ரோஸ், கீழே பச்சை. இதை ஒட்டினால் கறுப்பு வெள்ளை கலராகிவிடுமாம். செய்தி வாசிக்கும் பெண்ணுக்குத் தலைமுடி நீலமாகவும் நெஞ்சு பச்சையாகவும் இருந்தது. முகம் மட்டும் தற்செயலாக மனித நிறத்துக்குப் பக்கத்தில் வந்திருந்தது. அந்தத் தாள் பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும், தின்றதை ஈடுகட்ட வெளிச்சக் குமிழை முழுசாகத் திருப்பி வைப்பார்கள், மின்சாரம் தண்ணீராய்ப் போகும் என்று கடைக்காரரிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப உங்களுக்கு ஒண்ணு குடுத்துரவாண்ணே?" என்றார்.

சாயங்காலம் பேட்டரி தேடி, ஆற்றைத் தாண்டிக் கோரிப்பாளையம் போனேன். வைகையில் தண்ணீரைத் தவிர எல்லாம் இருந்தது. மாடு, மணல், வேட்டி, கிரிக்கெட். தர்காவுக்குப் போகும் வழியில் சுலைமான் பாயின் பேட்டரி சார்ஜ் கடை. ஆசிட் பட்டு ஓட்டை விழுந்த கைலியோடு, கொதிக்கும் பேட்டரிகளுக்கு நடுவில் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எந்த வண்டிக்கு?" என்றார்.

"வண்டிக்கு இல்லை. டி.வி.க்கு."

"டி.வி.க்கா? ஏன் சார், தள்ளி விட்டா ஸ்டார்ட் ஆகாதா?"

விஷயத்தைச் சொன்னதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். ஒரு வாடிக்கையாளரிடம் உருதுவில் ஏதோ சொல்லி அனுப்பினார். 'உன் லாரி நாளைக்கு ஓடட்டும், இவர் பினாங்கிலிருந்து வந்திருக்கிறார்' என்பது அதன் பொருள் என்று பிறகு அவரே சொன்னார். பக்கத்துக் கடையில் பரோட்டா வாங்கித் தந்தார். எங்கள் ஊரில் இதே மாவை ரொட்டி சானாய் என்று கைக்குட்டை போல வீசி மெல்லிசாக எடுப்பார்கள். இங்கே அடுக்கடுக்காகச் செய்து, உள்ளங்கையால் அடித்து நொறுக்கி, சால்னாவில் முக்கிக் கொடுக்கிறார்கள். அடி வாங்கிய பரோட்டாதான் ருசி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"ஞாயித்துக்கிழமை நானும் வாரேன் சார்" என்றார் பாய். "டில்லிக்காரன் படம் போடுவான். விளாங்குடியில எவனுக்கு இந்தி தெரியும்? படத்த நீங்க காட்டுங்க, கதைய நான் சொல்றேன்." அப்போது மதுரையில் பெட்டியைத் திறந்தால் வருவதெல்லாம் டில்லி நிகழ்ச்சிதான். தமிழ் கேட்க வேண்டுமானால் கம்பத்தை உயரமாக நட்டு, ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி, காற்றை வேண்டிக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். ஏறினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. பின்னால் இருந்தவர்கள் என்னை உள்ளே தள்ளினார்கள். உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், "புள்ளயக் குடுங்கண்ணே, மடியில வச்சுக்கிறேன்" என்று கை நீட்டினார். துணி சுற்றியிருந்ததால் அப்படி நினைத்துவிட்டார். டி.வி. என்று தெரிந்ததும் சந்தோஷம் இன்னும் கூடிவிட்டது. அவர் இறங்கும்போது பின்சீட்டு அம்மாளிடம் கொடுத்தார், அவர் அதற்கும் பின்னால். பெட்டி ஊர்ந்து ஊர்ந்து பஸ்ஸின் கடைசிக்குப் போய்விட்டது. விளாங்குடி ஸ்டாப்பில் கூட்டம் என்னை முன்வாசல் வழியாக இறக்கிவிட்டது. பெட்டியும் பஸ்ஸும் அடுத்த ஊரான பரவைக்குப் போயின.

திண்டுக்கல் ரோட்டில், உச்சி வெயிலில், முழுக்கால் சட்டையும் டையுமாக ஒருவன் டவுன் பஸ்ஸை விரட்டிக்கொண்டு ஓடியதை விளாங்குடி மக்கள் இன்னும் பேசக்கூடும். ஒரு சைக்கிள்காரர் பின்னால் ஏற்றிக்கொண்டார். பரவையில் டீக்கடை பெஞ்சின் மேல் பெட்டி பத்திரமாக இருந்தது. கண்டக்டர் இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். டீக்கடைக்காரர் அதன் மேல் ஈரத் துண்டைப் போட்டிருந்தார். "வெயிலுக்கு வெடிச்சிரக் கூடாதுல்லண்ணே" என்றார். மின்சாரப் பெட்டிக்கு ஈரத் துண்டு! திட்ட வாயைத் திறந்தேன். அவர் அதில் ஒரு டீயை வைத்துவிட்டார்.

விளாங்குடியில் தலைவர் வீரணன் எனக்காகக் காத்திருந்தார். கரும்பு போட்டிருப்பவர், வெள்ளை வேட்டி, சிரித்த முகம். படிப்பகத்தைத் திறந்து காட்டினார். அங்கே ஏற்கெனவே ஒரு டி.வி. இருந்தது. சாயங்காலமானால் ஊருக்கு வரும் மின்சாரம் பல்பின் இழையைச் சிவப்பாக்குவதோடு களைத்துப் போய்விடும். அதனால் அந்த டி.வி. மரப்பெட்டிக்குள் பூட்டுப் போட்டு ஓய்வில் இருந்தது. மேலே உர மூட்டைகள். சாவி, படிப்பகத்தைப் பெருக்கிப் பாதுகாக்கும் பேச்சியம்மாளிடம் இருந்தது. ஐம்பது வயதுக்காரி. தலைவரையே செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே விட்டார்.

என் பெட்டியை மேசையில் ஏற்றியதும் ஊர் கூடிவிட்டது. பேசச் சொன்னார்கள். மேடை கிடைத்தால் தமிழன் விடுவானா? பினாங்குத் தமிழனும் விடவில்லை. கண்ணாடி மணியைத் தொட்டுக் காட்டி, "இதுதான் கண்" என்றேன். "இந்தப் பெட்டிக்கு உயிரே இதுதான். கண் நன்றாக இருந்தால் படமும் நன்றாக இருக்கும், பேட்டரியும் நீண்ட நாள் வாழும். இதைக் கண் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும்." பேச்சியம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். என்னைப் பார்த்து யாரோ, "வெளிநாட்டுக்காரரு என்னமாத் தமிழ் பேசுறாரு!" என்றார்கள்.

அன்று சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். பொழுது சாய்ந்தது, கண் தன் வேலையைக் காட்டியது. பாய் பேட்டரியோடு கொடுத்தனுப்பியிருந்த மீட்டரில் முள் மெல்ல இறங்கியது. திரையில் கோதுமை பயிரிடுவது எப்படி என்று இந்தியில் சொல்லிக்கொடுத்தார்கள். வாழையும் கரும்பும் நெல்லும் போடுகிறவர்கள் அதை அவ்வளவு அக்கறையாகப் பார்த்தார்கள். ஒளி குறைந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை. பதினோரு வருஷத்தில் முதல்முறையாக என் தொழிலை நினைத்து எனக்குக் கண் கலங்கியது. லட்சுமிக்கு அங்கேயே தந்தி அடித்துவிடலாமா என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்குச் சோதனை. ஜன்னல் எல்லாம் திறந்து, அறை முழுக்க வெயில். பேச்சியம்மாள் பெட்டிக்கு மல்லிகைச் சரம் சாத்தியிருந்தார். திரைக்கு மேலே, தொந்தரவில்லாத இடத்தில், சந்தனம் குங்குமம். நல்ல வேளை, இதோடு போயிற்று என்று நினைத்து, சுவிட்சைப் போட்டு, குமிழ்கள் மேல் காகிதம் ஒட்டி, அதில் நானும் தலைவரும் கையெழுத்துப் போட்டோம். இனி ஏழு மணி நேரம் யாரும் தொட முடியாது.

படம் வந்தது. வந்தது என்று எப்படித் தெரிந்தது என்றால், சத்தம் கேட்டது. திரையில் ஏதோ நிழல்கள் நடமாடின. பட்டப்பகலில், ஜன்னல் வெளிச்சத்தில், கரிக்கட்டைக்குள் கரிக்கட்டை நகர்ந்தது. முதல் நாள் ஈரத் துண்டு உள்ளே ஏதாவது செய்துவிட்டதா? எதுவும் கழன்றுவிட்டதா? திறந்து பார்த்தால் சோதனை ரத்து. செவ்வாய்க்கிழமை ஊருக்குப் போக வேண்டும், இன்னொரு ஞாயிறு கிடையாது.

மெல்ல முன்வரிசைக்குப் போய், கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், "படம் நன்றாகத் தெரிகிறதா?" என்றேன்.

"கண்ணாடி மாதிரி இருக்கு சார்" என்றார்.

அடுத்தவரிடம் கேட்டேன். "சூப்பர்." ஒரு அம்மாளிடம் கேட்டேன். "அதுக்கென்ன சார், நேர்ல பாக்குற கணக்கா இருக்கு." தலைவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். இருபது பேரிடமாவது கேட்டிருப்பேன். கடைசியில் என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கோளாறு எனக்குத்தான் என்று முடிவு செய்தேன்.

மதியப் படம் இந்திகூட இல்லை. வடகிழக்கோ வடமேற்கோ, ஏதோ ஒரு மொழி. அதற்கும் பாய் கதை சொன்னார். "இப்ப இந்தப் பொம்பள சொல்லுது: யோவ், நீ குடிச்சிட்டு வந்தா எனக்கு எம்புட்டுக் கேவலம்? அதுக்கு அவன் சொல்றான்: இன்னைக்குத்தான் கடைசி, நாளையிலேர்ந்து குடிக்க மாட்டேன்."

"பாய், இது என்ன மொழி?" என்று காதோரம் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? அழுகைக்கு ஏது சார் மொழி?"

சாயங்காலம் இந்திப் படம் தொடங்கியபோது படிப்பகம் வாசல்வரை நிறைந்திருந்தது. பாய்க்கு உருது தண்ணி பட்ட பாடு என்பதால் கதை இன்னும் வேகம் எடுத்தது. "அந்தம்மா என்ன சேலை கட்டியிருக்கு பாய்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். "மயில் கழுத்துக் கலரு, சரிகை பார்டர்" என்றார் பாய், கறுப்பு வெள்ளைப் பெட்டியில், நிழலுக்குள் நிழலைப் பார்த்து. தலைவர் எழுந்து, "மாமா, வில்லன் யாருன்னு முதல்லயே சொல்லிரு, எனக்குத் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சணும்" என்றார். "உக்காரு மாப்ள, எனக்கே இன்னும் பிடிபடல" என்றார் பாய். இந்துவும் முஸ்லிமும் ஒருவரை ஒருவர் மாமா மாப்ள என்று அழைப்பது அங்கே வெகு சாதாரணம். எங்கள் ஊரில் இதற்கு ஒரு நல்லிணக்கக் குழு அமைத்து, டீயும் கேக்கும் வைத்து, போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

எட்டரை மணிக்குப் படம் முடிந்தது. பேட்டரியில் இன்னும் பாதி இருந்தது. "சார், இம்புட்டு நேரமா பேட்டரி விரதம் இருந்திருக்கு" என்று பாய் மீட்டரைத் தட்டிக் காட்டினார். அவர் தொழிலில் இப்படி ஒரு அதிசயத்தைப் பார்த்ததில்லையாம். தலைவர் தன் கையாலேயே எழுதினார்: 'ஏழு மணி நேரமும் படம் பளிங்கு போலத் தெரிந்தது. ஒரு குறையும் இல்லை.' கையெழுத்து, பஞ்சாயத்து முத்திரை, சாட்சிக்கு ஒன்பது கையெழுத்து.

பெட்டியை மூடும்போது பேச்சியம்மாள் பக்கத்தில் வந்தார். "நீங்க சொன்ன மாதிரியே கண்ணப் பாத்துக்கிட்டேன் சார்" என்றார்.

"என்ன செய்தீர்கள்?"

"கண்ணுன்னா மை வைக்க வேணாமா? புதுக் கண்ணு. பரவையிலேர்ந்து இங்க வரைக்கும் ஊரே பாத்திருக்கு, திருஷ்டி படாதா? காலையில குளிச்சிட்டு வந்து, விளக்கெண்ணெய் மை, நல்லாக் கெட்டியா வச்சேன்."

கண்ணாடி மணியை விரலால் தொட்டேன். விரல் கறுப்பானது. பட்டப்பகலில் என் கண் நடு இருட்டில் கிடந்திருக்கிறது. எந்த ராத்திரியிலும் இல்லாத இருட்டு என்று நினைத்து, திரையை எவ்வளவு அடக்க முடியுமோ அவ்வளவு அடக்கிவிட்டது. பாவம், அது தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. நான் சிரித்தேன். பேச்சியம்மாளும் சிரித்தார். நான் ஏன் சிரிக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது, அவர் சிரித்தது நான் சிரித்ததற்காக.

திங்கட்கிழமை காலை இட்லியை முன்னால் வைத்துக்கொண்டு யோசித்தேன். பேசாமல் இருந்துவிடலாம். கையெழுத்து இருக்கிறது, மீட்டர் கணக்கு இருக்கிறது, கண் பிரிவு பிழைத்துக்கொள்ளும். ஆனால் மை இல்லாத கண்ணோடு பெட்டி இந்தியா வந்தால் பேட்டரி இப்படியா நிற்கும்? அது ஒரு பக்கம். உண்மையைச் சொன்னால், உழைத்தது நான், பெயர் வாங்குவது விளக்கெண்ணெயா என்ற வீம்பு இன்னொரு பக்கம். இன்னும் ஒரு வாரம் அவகாசம் கேட்டு, ஒழுங்காக ஒரு ஞாயிறு ஓட்டிக் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை பார்த்தேனே, என் கண் ஜெயிக்கும்.

தந்தி ஆபீசில் பினாங்குக்கு டிரங்க் கால் போட்டுவிட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். கிடைத்தபோது லிம்மின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ஆங்கிலத்தில் தொண்டை கிழியக் கத்தினேன். கண், மை, இருட்டு என்று நான் கத்தக் கத்த, வரிசையில் நின்ற ஒருவர் மற்றவர்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். "பாவம், அவருக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வருதாம்." இன்னொருவர் என் தோளைத் தொட்டு, "மதுரைக்கு வந்துட்டீங்கல்ல, கண்ணுக்குக் கவலையே படாதீங்க சார், இங்க நல்ல ஆஸ்பத்திரி இருக்கு" என்றார்.

லிம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "படம் மங்கலாக இருந்ததா?" என்றார்.

"ரொம்ப மங்கல்."

"ஏழு மணி நேரமுமா?"

"ஏழு மணி நேரமும்."

"யாராவது குறை சொன்னார்களா?"

"இல்லை."

"எழுந்து போனார்களா?"

"இல்லை. ஆனால் லிம்..."

"பளிங்கு போலத் தெரிந்தது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இல்லையா?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

"அப்படியானால் கண் எதற்கு?" என்றார் லிம். "தொழிற்சாலையிலேயே வெளிச்சத்தைக் குறைத்து வைத்து அனுப்பிவிடலாமே. அவர்களுக்கு அதுவே போதும். நீங்கள் பெரிய வேலை செய்திருக்கிறீர்கள். உங்கள் பிரிவில் இருப்பவர்களுக்கு இன்றைக்கே வேலை நீக்கக் கடிதம் கொடுத்துவிடச் சொல்கிறேன்." வாதாட வாயைத் திறந்தேன். லைன் போய்விட்டது. வரிசையில் நின்றவர்கள் எனக்கு வழிவிட்டார்கள், ஒருவர் கையைப் பிடித்துப் படியில் இறக்கிவிட்டார்.

சாயங்காலம் சொல்லிக்கொள்ள விளாங்குடி போனேன். பெட்டியை ஊருக்கே கொடுத்துவிட்டு வருவதாக ஏற்பாடு. படிப்பகத்தில் கூட்டம் இருந்தது, பாயும் வந்திருந்தார். பேச்சியம்மாள் புதிதாக மை வைத்திருந்தார். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் நேரே போய்க் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தேன்.

திரை விடிந்தது. செய்தி வாசிக்கும் பெண்ணின் நெற்றியில் ஒட்டியிருந்த முடி, கன்னத்தில் மச்சம், கழுத்துச் சங்கிலியின் கண்ணி எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

"ஆத்தி! இம்புட்டுத் தெளிவாவா!" என்றார் பேச்சியம்மாள்.

"நேற்று இப்படியா தெரிந்தது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

தலைவர் தலையைச் சொறிந்தார். "நேத்து ஒண்ணுமே தெரியல சார். எவன் ஆம்பள, எவ பொம்பளன்னே பிடிபடல. பாய் மட்டும் இல்லன்னா கஷ்டந்தான்."

"எனக்கும் ஒண்ணும் தெரியல" என்றார் பாய், தரையைப் பார்த்து.

"பிறகு ஏன் பளிங்கு போல என்று எழுதினீர்கள்? ஒவ்வொருவரிடமும் கேட்டேனே!"

"அதான் சார்" என்றார் தலைவர். "கடல் தாண்டி வந்திருக்கீக. பொட்டிக்குப் பின்னால வெயில்ல ஓடுனீக. ஆளு ஆளா வந்து நல்லாத் தெரியுதா, நல்லாத் தெரியுதான்னு கேக்குறீக, உங்க முகம் அப்ப இருந்த இருப்புக்கு மூஞ்சிக்கு நேரா இல்லன்னு எப்படிச் சொல்றது? மனசு என்ன பாடுபடும்?"

"நான்தான் எல்லாத்துக்கிட்டயும் சொல்லி வச்சேன்" என்றார் பேச்சியம்மாள். "விருந்தாளி வந்திருக்காரு, எவனாச்சும் படம் மங்குதுன்னு வாயத் தொறந்தீக, நாளைக்குப் படிப்பகத்துப் பக்கம் வரப்படாதுன்னு."

எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் மேல் வரவில்லை, அதுதான் கஷ்டம். யார் மேல் என்று தெரிந்திருந்தால் கத்தியிருப்பேன். இந்நேரம் லட்சுமி கடிதத்தைப் பிரித்திருப்பாள். மற்ற ஐந்து பேரும் அவளைச் சுற்றி நிற்பார்கள்.

"அத விடுங்க சார்" என்றார் தலைவர். "உங்க மொதலாளி என்ன சொன்னாரு? நாங்க எழுதிக் குடுத்தது பிரயோசனப்பட்டுச்சா?"

எல்லாரும் திரையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள். பேச்சியம்மாள் முந்தானையைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"ரொம்பப் பிரயோசனப்பட்டது" என்றேன். "முதலாளிக்கு ஒரே சந்தோஷம்."

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்று தலைவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.